குளிர்காலத்தில் ட்ரவுட் கடிக்காததற்குக் காரணம் ஃபிளை அல்ல

கேள்வி இதுதான். கோடையில் நன்றாக மீன் கொடுத்த அதே ஆறு, அதே இடங்கள். இப்போது தண்ணீர் 3, 4 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. விடியற்காலையிலேயே போய் நின்று, பெட்டியில் இருக்கிற ஃபிளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டும் ஒரு கடி கூட இல்லை. குளிரில் ட்ரவுட் மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிடுமா, அல்லது வேறு ஃபிளை வாங்க வேண்டுமா? கேட்டிருப்பது ஃபிளையைப் பற்றி. ஆனால் உண்மையில் தெரிய வேண்டியது, மீன் இப்போது எங்கே நிற்கிறது, நீங்கள் வீசுவது அதன் வாய் வரைக்கும் போகிறதா என்பதுதான். அதனால் ஃபிளையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குகிறேன். மீனியல் படித்தவன், பல வருஷமாகக் குளிர்காலத்திலும் ஆற்றில் இறங்குகிறவன் என்ற அளவில் சொல்கிறேன். என் பழக்கம் பெரும்பாலும் நடுத்தர அளவு ஆறுகளிலும் அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளிலும். மேலே முழுக்கப் பனிக்கட்டி மூடிவிடும் ஆறுகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தவை. ட்ரவுட் குளிர் ரத்தப் பிராணி, தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடம்பின் வெப்பம். தண்ணீர் 10 டிகிரி குறைந்தால் உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பழுப்பு ட்ரவுட்டை வைத்து இங்கிலாந்தில் ஜே. எம். எலியட் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுபவை. அவற்றின்படி அந்த மீன் சுமார் 4 டிகிரிக்கும் 19 டிகிரிக்கும் இடையில்தான் வளர்கிறது, 13 டிகிரியை ஒட்டி மிக நன்றாக வளர்கிறது. 4 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோகிறதே தவிர, சாப்பாடு அடியோடு நிற்பதில்லை. செரிமானம் மெதுவாகிவிடுவதால் வயிற்றில் இருப்பது தீர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் குறைவாகச் சாப்பிடுகிறது, அதிகம் அலையாமல் சாப்பிடுகிறது. உங்கள் மீன் தூங்கவில்லை. ஒரு பூச்சியைப் பிடிக்கச் செலவாகும் சக்தி அந்தப் பூச்சியில் கிடைப்பதைவிட அதிகம் என்றால் அது நகராது, அவ்வளவுதான். கோடையில் ஒரு மீட்டர் தள்ளிப் போகும் உணவைத் துரத்தி எடுக்கிற மீன், இப்போது ஒரு சாண் தள்ளிப் போனாலும் சும்மா விட்டுவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் மீன் இருக்கும் இடமும் தானாகப் புரியும். கோடையில் அது நின்ற, பரல் கற்கள் மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதிகள் இப்போது பெரும்பாலும் காலி. அங்கே நிற்க வேண்டுமென்றால் ஓட்டத்தை எதிர்த்து உழைக்க வேண்டும், அந்த உழைப்புக்குத் தகுந்த தீனி இல்லை. மடுக்களையும், மடுவின் வால் பகுதியையும், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோட்டின் மெதுவான பக்கத்தையும், பெரிய பாறைக்குப் பின்னால் ஆழமாக இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஒரு மனிதன் நிதானமாக நடக்கும் வேகம் அல்லது அதற்கும் குறைவு, இடுப்பளவு அல்லது அதற்கு மேல் ஆழம், அடியில் மறைவுக்குக் கல்லோ கட்டையோ. இந்த மூன்றும் சேர்ந்த இடம் ஒரு கிலோமீட்டர் ஆற்றில் சில மட்டுமே இருக்கும். அதனால்தான் குளிர்காலத்தில் ஆற்றின் பெரும்பகுதியில் மீனே இல்லாதது போலத் தோன்றுகிறது. மறுபக்கம், இருக்கும் இடத்தில் கூட்டமாக இருக்கும். ஒரு மீன் கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய ஆட்களே இதை உறுதியாகச் சொல்வார்கள்: ஆழத்தில் தண்ணீர் கதகதப்பாக இருக்கும், அதனால்தான் மீன் ஆழத்துக்குப் போகிறது என்று. ஏரிக்கு அது சரி. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், ஆகவே குளிர்கால ஏரியின் அடியில் 4 டிகிரித் தண்ணீரும் மேலே அதைவிடக் குளிர்ந்த தண்ணீரும் இருக்கும். ஓடும் ஆறு அப்படியல்ல. ஓட்டம் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் மேலேயும் கீழேயும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். மீன் ஆழத்துக்குப் போவது வேகம் குறைவதற்காகவும் மறைவுக்காகவும். அடியில் ஊற்று சுரக்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. நிலத்தடி நீர் குளிர்காலத்தில் ஆற்றைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதால் அந்த இடத்தை மீன்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும். சுற்றிலும் கரையோரம் பனி உறைந்திருக்க, ஒரே இடத்தில் மட்டும் பச்சைப் பாசி தெரிந்தால் அங்கே ஊற்று இருக்கிறதா என்று தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, நேரம். விடியற்காலையில் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோடைக்கு அது நல்ல பழக்கம், இப்போது வீண். இரவெல்லாம் வெப்பத்தை இழந்த ஆறு சூரியன் ஏறும் வேளையில்தான் மிகக் குளிர்ந்து இருக்கும். காலை பத்து மணிக்குப் போய் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத் திரும்பினால் போதும். பாக்கெட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். என் அனுபவத்தில் எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 3 டிகிரியில் இருந்து 4 டிகிரிக்கு ஏறுகிற ஆறு, 6 டிகிரியில் இருந்து 5 டிகிரிக்கு இறங்குகிற ஆற்றைவிட நன்றாக மீன் தருகிறது. இதற்குப் பின்னால் ஒரு காரணத்தை ஊகிக்கலாம், வெப்பம் ஏறும்போது பூச்சிகளும் அசையத் தொடங்குகின்றன. ஆனால் இது ஆற்றங்கரையில் கற்றது, ஆய்வில் நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

மேகமில்லாத கடுங்குளிர் இரவுக்குப் பிறகு இன்னொரு விஷயமும் நடக்கும். ஓடும் தண்ணீர் பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரியில் சில நூறில் ஒரு பங்கு கீழே போய், நுண்ணிய பனிச் சில்லுகள் உருவாகி, அடியில் உள்ள கற்களில் ஒட்டிக்கொண்டு மெத்தை போல வளரும். காலையில் வெயில் பட்டதும் அது பெயர்ந்து, மண்ணையும் சிறு பூச்சிகளையும் இழுத்துக்கொண்டு கூழாக மிதந்து வரும். அந்தக் கூழ் ஓடும் வரை வீசிப் பயனில்லை, ஒவ்வொரு முறையும் கொக்கியில் பனிதான் வரும். கரையில் உட்கார்ந்து காத்திருங்கள்.

இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் நீரில் இளம் சால்மனும் ட்ரவுட்டும் பகலில் கற்களுக்கு அடியில் பதுங்கி இரவில் வெளியே வருகின்றன என்பதைப் பலர் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். மெதுவாகிவிட்ட உடம்பால் பகலில் பறவையிடமிருந்தும் நீர்நாயிடமிருந்தும் தப்ப முடியாது என்பது அதற்கு விளக்கம். ஆனால் இது பெரும்பாலும் சிறு மீன்களை வைத்துச் சொன்னது. நாம் பிடிக்க நினைக்கும் பெரிய மீன் பகலில் எவ்வளவு ஒளிந்துகொள்கிறது என்பது ஆற்றுக்கு ஆறு மாறுகிறது. நடைமுறையில் நண்பகலில் மீன் கிடைக்கிறது, அது போதும். உறைபனி இரவில் யாரும் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை.

இப்போது, பதிலின் நடுப்பகுதி. மீன் அடியில் இருக்கிறது, நகர மறுக்கிறது. ஆகவே ஃபிளை அடிக்குப் போக வேண்டும், அங்கே ஓடும் தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஆற்றின் அடியில் கற்களில் உரசுவதால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது, மேற்பரப்பு அதைவிட வேகமாக ஓடுகிறது. உங்கள் மிதப்பு, அதாவது இண்டிகேட்டர், மேற்பரப்பில் இருக்கிறது. அது நுரையோடு சேர்ந்து அதே வேகத்தில் போனால், கீழே இருக்கும் நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போலக் கட்டிய ஃபிளை) இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். உயிருள்ள பூச்சி எதுவும் அடியில் அப்படி ஓடாது. பக்கத்தில் மிதக்கும் நுரையைவிடக் கொஞ்சம் பின்தங்கி மிதப்பு வந்தால்தான் ஃபிளை சரியான இடத்தில் இருக்கிறது. இதை ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள், புது ஃபிளை வாங்கும் ஆசையே போய்விடும்.

அமைப்பு சிக்கலானதல்ல. ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் மிதப்பு, அதில் தொடங்குங்கள். நுனியில் 5எக்ஸ் அல்லது 6எக்ஸ் டிப்பெட், அதாவது ஃபிளையைக் கட்டும் மெல்லிய இழை. ஃபிளைக்கு ஒரு சாண் மேலே சிறு எடைக்குண்டு. அல்லது டங்ஸ்டன் மணி கட்டிய ஃபிளை. டங்ஸ்டன் பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது, ஆகவே சின்ன ஃபிளையே வேகமாக இறங்கும். வீசியதும் லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் போடுங்கள், அப்போதுதான் லைன் வயிறு போல வளைந்து ஃபிளையை இழுக்காது. நாலைந்து வீச்சில் ஒரு தடவையாவது அடியில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஃபிளையை மாற்றாதீர்கள், எடையை மாற்றுங்கள் அல்லது மிதப்பை மேலே ஏற்றுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் குறையுங்கள். இந்த வேலை அலுப்பானதுதான். ஒரே மடுவில் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை ஆழம் மாற்றுகிற ஆள்தான் குளிர்காலத்தில் மீன் பிடிக்கிறார், பத்து ஃபிளை மாற்றுகிறவர் அல்ல. இண்டிகேட்டர் இல்லாமல், நீண்ட மெல்லிய லீடரை (லைனின் முனையில் கட்டும் இழை) கோலின் நேர்க் கீழே பிடித்து ஓட்டும் ஐரோப்பிய முறையும் நன்றாக வேலை செய்யும், முக்கியமாக அருகில் நிற்க முடிகிற ஆறுகளில். அகலமான மெதுவான மடுவில் மிதப்புதான் எனக்கு வசதி.

அடுத்தது, வரிசையாக வீசுவது. மீன் ஒரு சாண் தூரம்தான் நகரும் என்றால், ஃபிளை ஒவ்வொரு பாதையிலும் போக வேண்டும். உங்கள் காலடியில் தொடங்கி, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளித் தள்ளிப் போடுங்கள். எதிர்க்கரை வரை முடிந்ததும் இரண்டடி மேலே நகர்ந்து மறுபடியும். கடியும் கோடை மாதிரி இருக்காது. மிதப்பு மூழ்காது, சற்று தயங்கும், அல்லது கொஞ்சம் சாயும். மீன் வாயைத் திறந்து, உள்ளே வந்ததைச் சோதித்து, பிடிக்காமல் துப்பிவிட்டுப் போக ஒரு நொடிதான். எதற்கெடுத்தாலும் கோலை லேசாகத் தூக்குங்கள், வெடுக்கென்று இழுக்க வேண்டாம். மெல்லிய டிப்பெட், பொடிக் கொக்கி. மணிக்கட்டை அசைத்தாலே போதும்.

ஃபிளைக்கு வருவோம். குளிர்காலத்தில் ஆற்றில் வருஷம் முழுக்க இருக்கும் முக்கியத் தீனி மிட்ஜ், அதாவது கடிக்காத கொசு இனத்தின் புழுவும் கூட்டுப்புழுவும். 18 முதல் 22 வரையிலான கொக்கி அளவுகளில் (எண் கூடினால் கொக்கி சிறியது) கறுப்பு, சிவப்பு, ஆலிவ் நிறத்தில் சில ஸீப்ரா மிட்ஜ் ஃபிளை போதும். அடுத்து பேய்டிஸ் என்ற மேஃபிளைப் பூச்சியின் நிம்ஃப், அதாவது நீரில் வாழும் இளம் பருவம். இதற்கு ஃபெசண்ட் டெயில் நிம்ஃபை யாரும் இன்னும் மிஞ்சவில்லை என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் தனியாக நூலே பயன்படுத்தாமல், மெல்லிய செப்புக் கம்பியையே நூலாகவும் எடையாகவும் வைத்துக் கட்டினார். குளிர்காலத்தின் பிற்பகுதியில், மேகமூட்டமான நண்பகலில் பேய்டிஸ் மேலே வந்து பறக்கும், அப்போது அரை மணி நேரம் உலர் ஃபிளையிலும் (நீரின் மேல் மிதக்கும் ஃபிளை) மீன் கிடைக்கும். பனி மேல் கறுப்பாக ஊர்ந்து போகும் சின்ன ஸ்டோன்ஃபிளைகளையும் பார்த்திருப்பீர்கள். அவை குளிர்காலத்திலேயே வெளிவரும் இனம், ஆகவே ஒல்லியான கறுப்பு நிம்ஃப் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். முன்னால் கொஞ்சம் பெரிய கனமான நிம்ஃப், அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி பொடி மிட்ஜ் என்று இரண்டாகக் கட்டுவது வழக்கம். சில இடங்களில் ஒரு ஃபிளைக்கு மேல் கூடாது என்ற விதி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் எல்லா ஆற்றுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. பெரிய அணையின் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் விடும் ஆறுகள் வேறு ரகம். நியூ மெக்சிகோவில் நவஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் ஹுவான் ஆறு இதற்குப் பேர்போன உதாரணம். அணை 1962-ல் முடிந்தது. அதிலிருந்து வரும் ஆழ்நீர் குளிர்காலத்திலும் உறையாது, வெப்பம் அதிகம் ஏறி இறங்காது, ஆகவே மிட்ஜ் வருஷம் முழுக்க வெளிவருகிறது, மீனும் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறது. இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகள் ஊற்று நீரில் ஓடுவதால் அவையும் அதிகம் குளிர்வதில்லை. ஆனால் அங்கே குளிர்காலத்தில் ட்ரவுட்டுக்குத் தடைக்காலம். ஆட்கள் அந்த மாதங்களில் கிரேலிங் பிடிக்கிறார்கள், அது வசந்தத்தில் முட்டையிடும் மீன். நியூசிலாந்தில் கதை தலைகீழ். டௌப்போ ஏரியில் வளரும் வானவில் ட்ரவுட், ஜூன் முதல் செப்டம்பர் வரையான அவர்களுடைய குளிர்காலத்தில் டோங்காரிரோ ஆற்றில் முட்டையிட ஏறி வருகிறது, அங்கே அதுதான் பெரிய சீசன். உங்கள் ஊரில் அணைக்குக் கீழே இப்படி ஒரு ஆறு இருந்தால், 3 டிகிரி ஆற்றை விட்டுவிட்டு அங்கே போவதே என் முதல் யோசனையாக இருக்கும். அணை திறக்கும் நேரத்தை மட்டும் முதலில் விசாரியுங்கள், சில நிமிஷத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

சந்தேகத்துக்கு உரியவை சில. காற்றழுத்தம் இறங்கினால் மீன் கடிக்கும் என்பார்கள். ஒரு மீட்டர் மேலே கீழே நீந்தினாலே மீன் உணரும் அழுத்த மாற்றம் சாதாரணப் புயல் தரும் மாற்றத்தைவிட அதிகம், அதனால் அழுத்தம்தான் காரணம் என்பதை நான் ஏற்பதில்லை. அழுத்தம் இறங்கும்போது மேகம் வருகிறது, மேகத்தோடு இரவுக் குளிர் குறைகிறது, பூச்சி வருகிறது. காரணம் அங்கே இருக்கலாம். ஃபுளூரோகார்பன் தண்ணீரில் தெரியாது என்பது இன்னொன்று. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீர் 1.33, நைலான் அதைவிட அதிகம்; ஆகவே நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது சரி, தெரியவே தெரியாது என்பது விளம்பரம். நான் அதைக் குளிர்காலத்தில் பயன்படுத்துவது நைலானைவிட நன்றாக மூழ்கும் என்பதற்காகத்தான்.

சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும்: உங்கள் ஆற்றில் இப்போது ட்ரவுட் பிடிக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரே ஆற்றில் பகுதிக்குப் பகுதி விதி மாறும். அனுமதி இருந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழுப்பு ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலத் தொடக்கம் வரை முட்டையிடும். பெண் மீன் வாலால் கிளறிய பரல், சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கு நடுவில் வெளுப்பாக, சாப்பாட்டு மேசை அளவுக்கு நீள்வட்டமாகத் தெரியும். முட்டைகள் அதற்குள்ளே மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு தாமதமாகப் பொரியும். அதன் மேல் மிதித்தால் நசுங்கிவிடும். அங்கே நிற்கும் மீனுக்கு வீசுவதும் நல்லதல்ல. கடிக்கும், ஆனால் பசியில் அல்ல, காவல் காக்கிற கோபத்தில்.

பிடித்த மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால், காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் நாளில் அதைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே வேண்டாம். செவுளின் மெல்லிய இழைகள் அந்தக் காற்றில் சீக்கிரம் உறைந்து சேதமாகும். முள்ளில்லாத கொக்கி, ரப்பர் வலை, கையுறையைக் கழற்றி நனைத்த கை. வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியை எடுத்து விட்டுவிடுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். கோலின் வளையங்களில் பனி அடைக்கும், அதை விரலால் பெயர்த்தால் வளையமோ நுனியோ உடையும். கோலைத் தண்ணீரில் முக்கினால் கரைந்துவிடும். வளையத்தில் உதட்டுக் களிம்பு தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் உடம்பு. வேடர்ஸ் (தண்ணீர் புகாத நீள்கால்சட்டை) மேல் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் இறங்காதீர்கள். உறைநிலைத் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, சுமார் பத்து நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேட்கும், நினைவு இழக்க ஒரு மணி நேரம் ஆகலாம். கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் ஆய்வுகளிலிருந்து சொல்லும் கணக்கு இது. அதாவது, கரையேற வேண்டிய நேரம் அந்தப் பத்து நிமிஷம். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டிய இடத்தைக் குளிர்காலத்தில் நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். கம்பளி அடியிட்ட ஷூவில் பனி உருண்டையாக ஒட்டி வழுக்கும், சில இடங்களில் அதற்குத் தடையும் உண்டு, ஆகவே ஆணி பதித்த ரப்பர் அடி நல்லது. மாற்று உடை ஒரு செட் காரில் இருக்கட்டும், தனியாகப் போகாதீர்கள். அடுத்த முறை போகும்போது தண்ணீரின் வெப்பம், நேரம், மிதப்பிலிருந்து ஃபிளை வரை எத்தனை அடி என்ற மூன்றையும் குறித்துவைத்து இங்கே எழுதுங்கள். அந்த எண்களைப் பார்த்தால் தவறு இடத்திலா ஆழத்திலா என்று சொல்ல முடியும்.